இரவு ஜாடி

மீனாட்சிபுரம் பால் சோதனைச் சாவடியில்
எனக்கு ராத்திரி ஷிப்ட்.
பொள்ளாச்சிப் பக்கமிருந்து டேங்கர் வரும்.
மேலேறி, மூடி திறந்து,
நீளக் கரண்டியால் கலக்கி
ஒரு ஜாடி மொண்டு இறங்குவேன்.
தண்ணீர், யூரியா, சோடா, ஃபார்மலின்.
நான்குக்கும் இல்லை என்று பால் சொன்னால்
கேரளம் கம்பியைத் தூக்கும்.

ஓணத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில்
நெல்லியாம்பதி போகிற கார் ஒன்று
டயர் வெடித்து எங்கள் விளக்கடியில் நின்றது.
இறங்கியவள் பெயர் டோர்ட்டே, ஜெர்மன்காரி.
ஸ்டெப்னி மாட்டும்வரை
ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
ரோட்டில் இரண்டு தணல்.
தணலுக்குப் பின்னால்
சருகா மண்ணா என்று தெரியாத ஒன்று.
"நைட்ஜார்" என்றாள், மூச்சுக்குள்.

நான் கையிலிருந்ததைப் பார்த்தேன்.
இரவு. ஜாடி. சரியாகத்தானே சொல்கிறாள்,
யார் சொல்லிக்கொடுத்தது என்று.

அந்த ஜார் இல்லையாம்.
அது தொண்டை கரகரக்கும் சத்தமாம்.
இங்கிலீஷ்காரர்கள் முன்னால் வைத்த பெயர்
இன்னும் மோசம்: ஆட்டுமடி உறிஞ்சி.
தன் ஊர்ப் பெயரைச் சொல்லச் சொன்னேன்.
ட்ஸீகன்மெல்க்கர்.
ஆடு கறப்பவன்.

இரண்டு டேங்கர் நேரம் அதையே யோசித்தேன்.
ஒரு மொழி வாயால் திருடச் சொல்கிறது,
இன்னொன்று கையால்.
ஜெர்மன் பறவைக்கு
முக்காலியும் குவளையும் இருக்கும் போல.
மடியைக் கழுவி, விரலில் எண்ணெய் தொட்டு,
குட்டிக்கும் கொஞ்சம் விட்டுவைக்கும் போல.
எந்தப் பேரில் போனாலும்
காலையில் பால் குறைந்திருக்கிறது,
பறவை மாட்டிக்கொள்கிறது.

எங்கள் பக்கம் இது பக்கி.
பந்தியில் இரண்டாம் வடைக்குக் கை நீட்டுபவனும் பக்கி.
கூட வேலை பார்க்கும் சுலேகா
ராச்சுக்கு என்பாள்.
அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை,
ராத்திரி, சுக் சுக், அவ்வளவுதான்.
டோர்ட்டேயிடம் சொன்னேன்.
நோட்டில் எழுதிக்கொண்டு போனாள்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும்.
நான்தான் வாயை வைத்துக்கொண்டு இருக்கவில்லை.
கோபாலபுரத்தில் நான் குடியிருக்கும் அறைக்குப் பின்னால்
ராக்காத்தாளின் பட்டி. பதினாலு உருப்படி.
பல் விளக்கும்போது
வேடிக்கைக்குத்தான் சொன்னேன்,
வெள்ளைக்காரங்க ஊர்ல பக்கி ஆட்டுப்பால் குடிக்குமாமா.
அவள் சிரிக்கவில்லை.
"அதானே பாத்தேன்,
எம்பட செவலை மூணு நாளா மடி வத்திக் கெடக்குது."

மடி நோய் அது, கல்லாகியிருக்கிறது,
டாக்டரைக் கூப்பிடு என்றேன்.
"நீதான சொன்ன" என்றாள்.

அன்று சாயங்காலம்
அவள் மகன் திருமூர்த்தி
கவண் வாருக்கு
பழைய ட்யூப் அறுத்துக்கொண்டிருந்தான்.

எத்தனை கேன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.
ஒரு சொட்டு சோடாவைப் பிடித்திருக்கிறேன்.
இது மட்டும் என் நாக்கிலேயே ஏறி
கம்பி தூக்கச் சொல்லாமல் தாண்டிவிட்டது,
இந்த முறை கிழக்கே.
பரிசோதிக்க என்னிடம் என்ன திரவம் இருக்கிறது?

வியாழக்கிழமை நாலு மணிக்கு
ரோட்டோரம் கிடந்ததை எடுத்தேன்.
கல்லா லாரியா தெரியவில்லை.
மூடியிருக்கும்போது அலகு ஒரு எள்ளளவு.
விரல் வைத்துத் திறந்தேன்,
காதுவரை திறந்தது, இளஞ்சிவப்பாக,
இவ்வளவு பெரிய வாயா என்று எனக்கே பயம்.
உள்ளே ஒரு அந்துப்பூச்சியின் இறக்கை,
பாதி மின்மினி, கொஞ்சம் புழுதி.

பதிவேட்டில் எதற்கும் கட்டம் இருக்கிறது,
இதற்கு இல்லை.
காகிதத்தில் பொதிந்து எடுத்துப்போய்
ராக்காத்தாள் வாசலில் திறந்து காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தாள்.
"குடிச்சுட்டு வாய் தொடச்சிருக்கும்" என்றாள்.

பட்டிக்குப் பின்னால், தென்னந்தோப்பில்
இன்னொன்று ஆரம்பித்தது.
சுக். சுக். சுக்.
செவலை காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பியது.